எழும்பினால் பிழை

“எழும்பாதேங்கோ! ஒருத்தரும் எழும்பாதேங்கோ!”

சுமித்திரா கூடைப்பந்துத் திடலின் நடுவில் நின்று கத்தியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. அதிபர் கமலாட்சி அம்மையார் குடையும் கையுமாக அலுவலகத்திலிருந்து ஆய்வுகூடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். திடலின் ஓரத்தைக் கடக்க அவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிராது. ஆயினும், சக்கர நாற்காலிகளில் இருந்தபடி பந்துக்காக முட்டி மோதிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பந்தையும் மறந்து பகையையும் மறந்து விறைப்பாக எழுந்து நின்றார்கள்.

“வணக்கம் மேடம்!”

கேட்பாரற்ற பந்து உருண்டு போய் அதிபரின் செருப்பருகே நின்றது.

“வணக்கம். நல்ல பிள்ளையள். இருங்கோ, இருங்கோ” என்று அதிபர் பூரித்துப் போய் நடந்தார்.

சுமித்திரா விசிலை ஊதினாள். வவுனியாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில், பத்து விளையாட்டுச் சக்கர நாற்காலிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பயிற்றுநர் அவள். நடக்கக்கூடிய பிள்ளைகளும் நடக்க இயலாத பிள்ளைகளும் ஒன்றாக இருந்து ஆடுவதே திட்டத்தின் நோக்கம். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஒருவர் முன்னிலையில் ஓர் ஆட்டம் முறையாக நடந்து முடிந்தால் நாற்காலிகள் பாடசாலைக்கே சொந்தம். இல்லையேல் அடுத்த பாடசாலைக்கு லொறி புறப்பட்டுவிடும்.

“சேர், இருக்கையை விட்டு எழும்பினால் பிழை. பந்து மற்றப் பக்கத்துக்குப் போகும்” என்றாள் சுமித்திரா.

“ஓம், ஓம், மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்றார் ஜனார்த்தனன். அவர் நாற்காலியில் இருக்கவில்லை. கோட்டுக்கு வெளியே ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். அப்படியிருந்தும் அதிபரைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் எழுந்து நிற்க முயன்று குதிக்காலை உயர்த்தியிருந்தார்.

ஜனார்த்தனன் தமிழ் ஆசிரியர். தை மாதத்தில் நெளுக்குளத்திலிருந்து, முல்லைத்தீவுக் கடற்காற்று கூரையைத் தட்டும் இந்தப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர். படிக்கிற பிள்ளைகளையும் ‘நீங்கள்’ என்றே அழைப்பவர். ஆசிரியர் அறையில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருந்தால் அவர்களுடைய கதையைக் குழப்பக் கூடாதென்று சாப்பாட்டுப் பார்சலுடன் நூலகத்துக்குப் போய்விடுவார். மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். விளையாட்டு ஆசிரியை பிரசவ விடுமுறையில் சென்றபோது, அதிபர் “சேர், ஒரு சின்ன உதவி” என்று தொடங்கியதுமே, என்ன உதவி என்று கேளாமல் “ஓம் மேடம்” என்று சொன்னதன் பலனை இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் இந்த வேலையை அவர் வெறுக்கவில்லை. அதற்குக் காரணம் ஆன்சலா. பிறவியிலேயே கால்கள் இயங்காத அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை, வலைப்பந்துப் போட்டி நடந்த அன்று கோட்டுக்கு வெளியே தன் நாற்காலியில் இருந்ததை அவர் தூரத்திலிருந்து கண்டார். இந்தப் பிள்ளையை இனி ஒருவரும் ஓரத்தில் விடக் கூடாது. அதற்காகவேனும் நாற்காலிகள் இங்கே நிற்க வேண்டும் என்று மனத்துக்குள் உறுதி பூண்டிருந்தார்.

அவர் பிள்ளைகளைத் தம்மைச் சுற்றி வட்டமாக வரச் செய்தார்.

“பிள்ளையள், மரியாதை என்பது மனத்தில இருந்தால் போதும். அது முழங்காலில இருக்கத் தேவையில்லை. விளங்குதோ?”

“விளங்குது சேர்!” என்று எல்லோரும் எழுந்து நின்று சொன்னார்கள்.

“சேர், இந்தப் பள்ளிக்கூடத்தில பிழை விடாமல் விளையாடுறது நான் ஒராள்தான்” என்றாள் ஆன்சலா. “எனக்கு வேற வழி இல்லை.”

பக்கத்தில் எழுந்து நின்ற டிலக்ஸன் வெட்கத்துடன் திரும்பவும் நாற்காலியில் இருந்தான். அவன் யார் கண்டாலும் எழும்புகிறவன். கன்ரீன் அம்மாவுக்கும் எழும்புவான்.

ஜனார்த்தனனுக்கு அன்று முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, நாற்காலிகளில் இருந்த இடுப்புப் பட்டிகளை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தம் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.

“இனி எழும்ப விரும்பினாலும் இயலாது” என்று சுமித்திராவிடம் அடக்கமாகச் சொன்னார்.

சற்று நேரத்தில் அதிபர் குடையுடன் வந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். இம்முறை நாற்காலிகளும் அவர்களோடு எழுந்தன. நாற்காலியை முதுகில் சுமந்தபடி “வணக்கம் மே...” வரைக்கும் சொன்னவர்கள், ‘டம்’ சொல்வதற்குள் ஒருவர்மேல் ஒருவராகக் கவிழ்ந்தார்கள். கரையில் கொட்டிய நண்டுகளைப் போல அங்குமிங்கும் கைகால்கள் ஆடின. சில்லுகள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன. ஒருவருக்கும் காயமில்லை, ஆனால் இரண்டு நாற்காலிகளின் பட்டிகள் பிய்ந்து போயின.

“ஐயோ, என்ன சேர் இது, பிள்ளையளைக் கட்டி வச்சிருக்கிறியள்!” என்றார் அதிபர்.

“மரியாதைக்காகத்தான் மேடம்” என்றார் ஜனார்த்தனன்.

அதிபர் இந்தப் பக்கம் வராதிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அதை ஓர் அதிபரிடம் எப்படிச் சொல்வது? இடைவேளை முழுவதும் வசனங்களை அடுக்கிப் பார்த்துவிட்டு அலுவலக வாசலில் போய் நின்றார்.

“மேடம், தங்களுடைய வரவு எங்களுக்குப் பெரும் பாக்கியம். அந்தப் பாக்கியம் அளவுக்கு மிஞ்சிப் போறபடியால், வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைக் கொஞ்சம் குறைச்சுக்கொண்டால்...”

அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன சேர், என்ர முழி சரியில்லை, நான் வந்தால் ராசியில்லை எண்டு சொல்லுறியளோ?”

“ஐயோ, அப்பிடி இல்லை மேடம்!”

“எனக்கு விளங்குது. நான் இனி அந்தப் பக்கம் வரேல்லை. குசினிப் பக்கத்தால சுத்திப் போறன். நீங்கள் வடிவா விளையாடுங்கோ.”

வெயிலில் சமையலறையின் பின்பக்கமாக, விறகுக் குவியலைத் தாண்டி, அதிபர் சுற்றிப் போவதைத் தூரத்தில் கண்ட ஜனார்த்தனனுக்கு உடம்பு கூசியது.

பிற்பகலில் சுமித்திரா இன்னொரு நிபந்தனையை நினைவூட்டினாள். “ஒவ்வொரு பக்கத்திலயும் ஒரு ஆசிரியர் இருக்க வேணும் சேர். மற்றப் பக்கத்துக்குக் கணக்குச் சேர் வாறார். இந்தப் பக்கத்துக்கு?”

“ஜனார்த்தனன் சேர்!” என்று ஆன்சலா முந்திக்கொண்டு சொன்னாள்.

“நானோ? எனக்குப் பந்து பழக்கமில்லைப் பிள்ளை. நான் இலக்கணம் படிப்பிக்கிறவன்.”

“அதுக்கென்ன சேர்? எங்களுக்கு இலக்கணம் பழக்கமில்லை. அதுக்காக வகுப்புக்கு வராமலோ நிக்கிறம்?”

பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்பதால் ஜனார்த்தனன் நாற்காலியில் இருந்தார். சில்லை ஒரு கையால் தள்ளியதில் இருந்த இடத்திலேயே சுழன்றார். இரண்டு கையாலும் தள்ளியதில் கம்பத்தில் மோதினார். மோதியபின் கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டார்.

“பரவாயில்லை சேர், அது ஒண்டும் நினைக்காது” என்றான் டிலக்ஸன்.

ஒருவாறு நாற்காலி சொல்வழி கேட்கத் தொடங்கிய வேளையில் அவருடைய சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். அதிபர். சட்டென்று எழுந்து நின்றார்.

விசில் ஊதியது.

“சேர்! அவா இஞ்ச இல்லை, ஃபோனிலதான்!” என்று ஆன்சலா தலையில் கையை வைத்தாள்.

“ஓம் மேடம்... இல்லை மேடம், விசில் உங்களுக்கில்லை மேடம்...” என்று நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார் ஜனார்த்தனன்.

புதன்கிழமை அவர் வேறொரு திட்டத்துடன் வந்தார். பழக்கத்தைப் பழக்கத்தால்தான் மாற்ற வேண்டும். டிலக்ஸனுக்குத் தம்முடைய கைக்கடிகாரத்தைக் கட்டி, கழுத்தில் கடதாசி மாலை ஒன்றைப் போட்டு, அவனைப் பிரதம விருந்தினராக நடக்கவிட்டார். அவன் திடலைச் சுற்றிச் சுற்றி வந்தான். எழும்பியவர் கிணற்றடிவரை ஓடிவர வேண்டும்.

“என்ன பிள்ளையள், ஒழுங்காப் படிக்கிறியளோ?” என்று டிலக்ஸன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கேட்டான்.

“ஓம் ஐயா!” என்று எல்லோரும் இருந்தபடியே சொன்னார்கள். ஜனார்த்தனன் மாத்திரம் கிணற்றடிக்கு ஓடினார்.

மத்தியானத்துக்குள் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். தேறியது மாத்திரமல்ல, அந்தச் சுகத்தைக் கண்டும்விட்டார்கள். வியாழக்கிழமை காலையில் அதிபர் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது வகுப்பு முழுவதும் கல்லுப் போல இருந்தது.

“வணக்கம் மேடம்” என்று முன்வரிசை இருந்தபடியே சொன்னது. சொல்லிவிட்டுப் பெருமையுடன் சிரித்தது.

அதைச் சன்னலால் பார்த்த ஒன்பதாம் வகுப்பும் இருந்தது. ஒன்பதைப் பார்த்து எட்டு இருந்தது. சமயபாடத்துக்கு வந்த பங்குத்தந்தை, தாம் வகுப்பு மாறி வந்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் போனார். பத்து மணிக்குள் அந்தப் பாடசாலையில் பெரியவர்களுக்காக எழும்புகிற ஒரே மனிதராக ஜனார்த்தனன் எஞ்சினார். அதிபரின் அழைப்பு வந்தபோதும் எழுந்துதான் போனார்.

“நெளுக்குளத்தில இதுதானோ பழக்கம்?” அதிபரின் குரல் தாழ்ந்திருந்தது. அது உயர்ந்திருந்தால் ஜனார்த்தனனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நாளைக்குக் கல்வி அதிகாரி வாறார். ஒரு பிள்ளை எழும்பாமல் இருந்தாலும் எனக்கு அவரின்ர முகத்தில முழிக்கேலாது. எல்லாரும் எழும்ப வேணும். சரியோ?”

“ஓம் மேடம்.”

வெளியே வந்ததும் சுமித்திரா எதிர்ப்பட்டாள். “சேர், நாளைக்கு அதிகாரிக்கு முன்னால ஒருத்தரும் எழும்பக் கூடாது. எழும்பினால் ஆட்டம் குழம்பும், கதிரையள் போயிடும். சரியோ?”

“ஓம் பிள்ளை.”

இரண்டு ‘ஓம்’களுக்கும் நடுவில் அகப்பட்டு அவர் விறாந்தையில் மேலும் கீழும் நடந்தார். அந்த வேளையில் ஆன்சலா தன் சில்லை உருட்டிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல அவளைச் சுற்றி ஒரு பட்டாளமும் வந்தது. ஐயோ, இரக்கத்தால் கூட வருகிறார்கள் என்று ஜனார்த்தனன் எண்ணிக்கொண்டார்.

“என்ன சேர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?”

அவர் சொன்னார். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“பாக்கிறவை எல்லாரும் எழும்பட்டும். விளையாடுறவை நான் செய்யிற மாதிரிச் செய்யட்டும்.” இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் கூப்பிக் காட்டினாள். “இதுக்கு ஆரும் மரியாதை இல்லையெண்டு சொல்லுவினமோ?”

ஜனார்த்தனனுக்குக் கண் கலங்கியது. இத்தனை எளிய வழி தமக்குத் தோன்றவில்லையே!

“அதிபரும் ஓமெண்டுவா, சுமித்திரா அக்காவும் ஓமெண்டுவா. பிரச்சினை ஒண்டுதான் மிச்சம்” என்றாள் ஆன்சலா.

“என்ன பிள்ளை?”

“நீங்கள்.”

பட்டாளம் முழுவதும் அவரைப் பார்த்தது.

“நான் எழும்பமாட்டன்” என்றார் ஜனார்த்தனன். “சத்தியமா எழும்பமாட்டன்.”

அந்த நேரத்தில் விறாந்தையின் மறுமுனையில் ஆன்சலாவின் தந்தை யாகப்பு, மகளை ஏற்றிச் செல்ல வந்தவர், “வணக்கம் சேர்” என்றார். படியில் அமரப் போன ஜனார்த்தனன் துள்ளி எழுந்தார்.

யாகப்பு முச்சக்கரவண்டியிலும் மீன் வாசத்தைக் கொண்டு திரிகிற, கடலில் வலை போடுகிற மனிதர். விடயத்தைக் கேட்டறிந்ததும் அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

“பட்டி பிஞ்சு போச்சுத்தானே. நான் நாளைக்கு வலைக்கயிறு கொண்டு வாறன். நான் போடுற முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். சுறா வந்தாலும் எழும்பாது.”

வெள்ளிக்கிழமை காலை ஜனார்த்தனன் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டார். இடுப்பில் மூன்று சுற்று, தொடையில் இரண்டு.

“இறுக்கமா இருக்கோ சேர்?”

“மிக்க நன்றி. மூச்சு மாத்திரம் கொஞ்சம்...”

“அது பழகும்.”

அதிகாரியின் வாகனம் வரத் தாமதமானது. காத்திருந்து களைத்த சுமித்திரா ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள். ஜனார்த்தனன் ஓரமாக உருண்டு, ஒருவருக்கும் இடைஞ்சல் தராமல், “நீங்கள் முதலில போங்கோ” என்று எதிரணிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

“சேர், வழி விடாதேங்கோ! மறியுங்கோ!” என்று ஆன்சலா கத்தினாள்.

“மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்றார். அவளிடமா, எதிரணியிடமா என்பது அவருக்கே தெரியவில்லை.

எப்படியோ பந்து அவருடைய மடியில் வந்து விழுந்த நேரத்தில்தான் வாயிலில் மேளம் முழங்கியது. கல்வி அதிகாரி மாலையும் கழுத்துமாக, அதிபர் பக்கத்தில் வர, திடலின் வாசலில் வந்து நின்றார். பார்வையாளர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒன்பது பேரும் ஒரே கணத்தில் கைகளைத் தலைக்குமேல் கூப்பினார்கள். பார்க்க அழகாக இருந்தது. அதிபரின் கண்கள் மலர்ந்தன. சுமித்திரா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

பத்தாமவர் எழுந்தார்.

கயிறு யாகப்பு சொன்னபடி இறுகியது. ஆனால் அதிகாரியைக் கண்ட ஜனார்த்தனனுக்குச் சுறாவைவிடப் பலம் வந்துவிட்டது. நாற்காலியை முதுகில் சுமந்து, பந்தை மார்போடு அணைத்து, “வணக்கம் ஐயா” என்று குனிந்தார். குனிந்ததும் நாற்காலியின் பாரம் தலைப்பக்கம் சாய்ந்தது. இரண்டு குறுகிய எட்டுகள் முன்னே வைத்தார். மூன்றாவது எட்டை நாற்காலி வைத்தது. அதிகாரியின் பாதங்களுக்கு முன்னே சாட்டாங்கமாக விழுந்தார். சில்லுகள் இரண்டும் மேலே நின்று சுழன்றன.

மேளம் நின்றது. அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இவ்வளவு மரியாதை எனக்கு ஒரு இடத்திலயும் கிடைச்சதில்லை” என்றார் அதிகாரி மெதுவாக.

சுமித்திரா என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை ஊதினாள். “பிழை! பந்து மற்றப் பக்கத்துக்கு!”

“கதிரையள் போச்சு” என்று ஜனார்த்தனன் நிலத்துக்குச் சொன்னார். “ஆன்சலாப் பிள்ளை, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

“மன்னிப்பைப் பேந்து கேளுங்கோ சேர். டிலக்ஸன், இஞ்சால பிடி! மற்றவை அங்கால பிடியுங்கோ! ஒண்டு, ரெண்டு...”

அவரை நாற்காலியோடு நிமிர்த்தி வைத்தார்கள். அவிழ்த்து வெளியே போக அவர் விரும்பினார்; முடிச்சு அவிழவில்லை. ஆகவே ஆட வேண்டியதாயிற்று. விழ வேண்டிய விழுகை முழுவதையும் விழுந்துவிட்ட மனிதருக்கு இனி என்ன பயம்? முதலில் ஒருவரை மறித்தார். பிறகு கணக்குச் சேரை இடித்தார். மன்னிப்புக் கேட்க மறந்தார். கடைசியில் கூடைக்குக் கீழே நின்று, நெளுக்குளமே கேட்கும்படி கத்தினார்:

“டேய் டிலக்ஸன்! இஞ்ச போடடா! இஞ்ச!”

‘நீங்கள்’ என்றே அழைத்துப் பழகிய வாயிலிருந்து வந்த அந்த ‘டேய்’ கேட்டு டிலக்ஸன் ஒரு கணம் திகைத்துப் போனான். பிறகு சிரித்தபடி பந்தை எறிந்தான். பந்தைப் பிடித்து ஜனார்த்தனன் ஆன்சலாவிடம் கொடுத்தார். அவள் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. “அட, சீ!” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அவர்கள் தோற்றார்கள். ஆனால் ஆட்டம் நடந்து முடிந்தது. ஒரேயொரு எழும்பல் பிழையைத் தவிர எல்லாம் விதிப்படி நடந்ததாகவும், நாற்காலிகள் இங்கேயே நிற்கலாம் என்றும் சுமித்திரா அறிவித்தாள். அதிகாரி கைதட்டினார். அதிபர் தம் கையாலேயே ஜனார்த்தனனுக்குச் சோடா கொண்டுவந்து தந்தார். அவர் அதை இருந்தபடியே வாங்கிக் குடித்தார்.

கூட்டம் கலைந்தது. யாகப்பு மீன்வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, ஆன்சலா பிள்ளைகள் சூழ எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அது தாம் விழுந்த விதம் என்று ஜனார்த்தனனுக்கு விளங்கியது. அவரும் சிரித்துவிட்டு யாகப்புவின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, இனி நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்பட வேண்டாம்” என்றார். “உங்கட பிள்ளையை இனி ஒருத்தரும் தனிய விடமாட்டினம்.”

யாகப்புவின் கத்தி நின்றது.

“ஆரை, ஆன்சலாவையோ? அவளைத் தேடி வாற கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊத்தியே எங்கட வீட்டில சீனி மிஞ்சுறதில்லை, சேர்.”

“அப்ப... இந்தத் திட்டம்?”

யாகப்பு கடைசிச் சுற்றை அறுத்து, கயிற்றை உதறிவிட்டுச் சொன்னார்:

“போன மாசம் சுமித்திராப் பிள்ளை வந்து, ‘உங்கட பள்ளிக்கூடத்தில ஒருத்தரோடையும் ஒட்டாமல் ஒதுங்கி நிக்கிறது ஆர்’ எண்டு கேட்ட உடன, வகுப்பு முழுக்க உங்கட பேரைத்தானே சேர் சொன்னது!”